மாப்பிள்ளை கதவைச் சாத்தியபோது

மாப்பிள்ளை முறுக்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தியது ஒரு திங்கட்கிழமை. அதற்கு முன்பும் பல தடவை அப்படிச் செய்தவர்தான். அறையில் ஈரம் கொஞ்சம் குறைந்தாலும் அவருக்கு ஆகாது. பெட்டியை யாராவது வெடுக்கென்று நகர்த்தினாலும் ஆகாது. சாப்பாட்டில் சுண்ணாம்புத் தூள் ஒரு சிட்டிகை கூடிவிட்டால் அன்றைக்கு முழுக்க யார் முகத்தையும் பார்க்க மாட்டார். ஓட்டுக்குள் சுருண்டு, வாசலில் மெல்லிய சவ்வு ஒன்றைப் பூசிக்கொண்டு, பெட்டி மூடியின் உள்பக்கத்தில் தலைகீழாக ஒட்டிக்கொள்வார். மாமனார் வீட்டில் மரியாதை போதவில்லை என்று அறையைத் தாழிட்டுக்கொள்ளும் புது மாப்பிள்ளை மாதிரியே இருக்கும். பெயர் அப்படி வந்ததுதான். வழக்கமாக இரண்டு மூன்று நாளில் தானே இறங்கி வந்து, ஒன்றும் நடக்காதது போல் சாப்பிடுவார். இந்தத் தடவை வாரங்கள் ஓடியும் இறங்கவில்லை.

மாப்பிள்ளை ஒரு நத்தை. புளியங்கொட்டையைவிடக் கொஞ்சம் பெரிய உருவம், தேன் நிற ஓடு, அதைச் சுற்றிக் கை நடுங்காதவர் இழுத்த மாதிரி ஒரு பழுப்புக் கோடு. இந்த வகை உலகத்திலேயே ஒரு தீவில்தான் இருந்தது. கப்பல் எப்போதாவது எட்டிப் பார்க்கும் தீவு. அந்தத் தீவிலும் ஒரு மலையில், மேகம் வந்து உட்காரும் உச்சிக்குக் கீழே, ஒரே ஒரு சரிவில். அந்தச் சரிவுக்கு எலி போய்ச் சேர்ந்தது. கப்பலில் டிக்கெட் இல்லாமல் போன எலி. ஆராய்ச்சி நிலையத்து டாக்டர் முதல் தடவை போனபோது மிஞ்சியிருந்த நத்தைகளை ஒரு பிஸ்கட் டப்பாவில் ஈரத் துணி விரித்து எடுத்து வந்தார். அடுத்த தடவை போனபோது சரிவு முழுக்க வெறும் ஓடுகள். ஒவ்வொரு ஓட்டின் விளிம்பிலும் எலிப் பல் பட்ட இடம் தெரிந்தது.

டப்பாவில் வந்தவை முதலில் பெருகின. பிறகு குறைந்தன. பெருகியது ஏன் என்று தெரியாததால், குறைந்தது ஏன் என்றும் யாருக்கும் தெரியவில்லை. கடைசியில் இரண்டு நின்றன. பிறகு மாப்பிள்ளை மட்டும்.

இவர்களையெல்லாம் பார்த்துக்கொண்டவளைத் தெருவில் நத்தைக்காரி என்பார்கள். அவளுக்கு அதில் வருத்தமில்லை. தெருவில் இதைவிட மோசமான பெயர்கள் புழக்கத்தில் இருந்தன. அவள் வேலை செய்த குளிர் அறை ஆராய்ச்சி நிலையத்தின் பின்பக்கம், ஜெனரேட்டர் ஷெட்டை ஒட்டி இருந்தது. அறைக்குள் போகும்போது செருப்பை மாற்ற வேண்டும், கையை முழங்கை வரை கழுவ வேண்டும். உலர்ந்த இலைத் தூள், ஓட்ஸ் மாவு, சுண்ணாம்பு மூன்றையும் தண்ணீரில் குழைத்துப் பெட்டியின் சுவரில் பிரஷ்ஷால் பூச வேண்டும். பழைய ஈரக் காகிதத்தை எடுத்து, வெளிச்சத்தில் விரித்துப் பார்த்துவிட்டுத்தான் குப்பையில் போட வேண்டும். இந்த நத்தை முட்டை இடாது, குட்டிதான் போடும்; குட்டி கடுகு அளவு. கடுகைக் குப்பையில் கொட்டிவிட்டுப் பிறகு அழுது பயனில்லை.

இதற்கெல்லாம் முன்னால் செய்வது ஒன்று உண்டு. காலையில் பெட்டி மூடியை ஒரு விரல் அளவு தூக்கி மூக்கை வைப்பது. உள்ளே சுருண்ட நத்தை உயிரோடு இருக்கிறதா என்று கண்ணுக்குத் தெரியாது, தொட்டாலும் தெரியாது. மூக்குக்குத் தெரியும். செத்த அன்று லேசாக ஒரு வாடை கிளம்பும். அன்றைக்கே எடுத்து ஸ்பிரிட்டில் போட்டால் சதை கெடாமல் நிற்கும். விட்டால் மறுநாளோ அதற்கு மறுநாளோ சதை தண்ணீராகிவிடும். அதனால் அந்த அறைக்கு வருகிறவர் பவுடர் போடக்கூடாது, தலைக்கு வாசனை எண்ணெய் வைக்கக்கூடாது. நத்தைக்காரி கல்யாண வீட்டுக்குப் போகும்போதுகூட ஒன்றும் பூசிக்கொள்ள மாட்டாள். பழகிவிட்டது.

அந்த மூக்குதான் போய்விட்டது.

போன மழைக்காலத்தில் ஒரு காய்ச்சல் வந்தது. ஒரு வாரத்தில் காய்ச்சல் கிளம்பிப் போனது. போகும்போது வாசனையையும் கூட்டிக்கொண்டு போனது. சோப்பும் மண்ணெண்ணெயும் ஒன்றுதான் என்று ஆகிவிட்டது. தானாகத் திரும்பி வரும் என்று அவள் காத்திருந்தாள். டாக்டரிடம் சொல்லவில்லை. மூக்கில்லாத ஆளை அந்த அறையில் வைத்துக்கொண்டு என்ன செய்வார்கள்? முன்பக்க அலுவலகத்தில் உட்கார வைத்து, தபாலுக்கு முத்திரை குத்தச் சொல்வார்கள். தினமும் காலையில் மூடியைத் தூக்கி, மூக்கை வைத்து, "சரியா இருக்கு டாக்டர்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

இரண்டில் ஒன்று அப்படித்தான் போயிற்று. சில நாள் அவள் "சரியா இருக்கு" என்றாள். பிறகு ஒருநாள் டாக்டர் தானே வந்து மூடியைத் தூக்கியவர், முகத்தைத் திருப்பிக்கொண்டு பின்னால் நகர்ந்தார். உள்ளே ஓடு இருந்தது, ஓட்டுக்குள் தண்ணீர் இருந்தது. அவர் யாரையும் திட்டவில்லை. சிலது சீக்கிரம் கெட்டுப்போகும் போலிருக்கிறது என்றார். அவள் தலையாட்டினாள். அந்தத் தலையாட்டலுக்குப் பிறகு அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ருசி தெரியாத சாப்பாடு இறங்கினால் என்ன, இறங்காவிட்டால் என்ன.

இப்போது மாப்பிள்ளை. வெதுவெதுப்பான தண்ணீர் தெளித்துப் பார்த்தார்கள். பிரஷ்ஷின் மயிரால் வாசலைத் தடவிப் பார்த்தார்கள். எடை போட்டார்கள், எடை குறைந்திருந்தது, ஆனால் பட்டினி கிடந்தாலும் குறையும், செத்தாலும் குறையும். டாக்டர் ஒரு சின்னக் கண்ணாடிப் புட்டியில் ஸ்பிரிட்டை ஊற்றி, மூடி, அலமாரியின் நடுத்தட்டில் வைத்தார். அவர் அவளைவிட வயதில் சிறியவர், அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

"இதோட சதை கொஞ்சம் நல்லபடியா கிடைச்சா போதும்க்கா. அந்தச் சரிவுல என்ன இருந்துச்சுன்னு பின்னாடி யாராவது படிப்பாங்க. போன தடவை மாதிரி தண்ணியாப் போயிட்டா, வெறும் ஓட்டை வச்சுக்கிட்டு உக்கார வேண்டியதுதான்."

உயிரோடு இருந்தால் என்ன ஆகும் என்று அவள் கேட்டாள்.

"இருந்தா, கடைசி ஒண்ணை நாமளே கொன்ன மாதிரி." அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். "எனக்கு ஜலதோஷம் இல்லாத நாளே கிடையாது. உங்க மூக்கு என்ன சொல்லுது? நான் அதைத்தான் நம்பியிருக்கேன்."

கத்தியை எடுத்துக் குத்தியிருந்தால்கூட அவள் தாங்கியிருப்பாள். நாளைக் காலையில் சொல்கிறேன் என்றாள். அதற்கு மேல் தள்ளிப்போட முடியாது என்று அவர் சொன்னார்.

வீட்டு மாடியில் அவளுடைய நாத்தனார் குடியிருந்தாள். புருஷனின் தங்கை. சலவைக் கடையில் துணி வாங்கி வைக்கிற வேலை. குடும்பத்தில் அவளுக்கு மோப்பி என்று பெயர். பிறக்கும்போதே அந்த மூக்கோடு பிறந்தவள். கடையில் துணியை வாங்கியதும் கண்ணை மூடிக்கொண்டு ஒரு தடவை மோந்து பார்ப்பாள். எண்ணெய்க் கறையா, மருந்தா, குழந்தை கக்கியதா என்று சொல்லிவிடுவாள். கடை முதலாளிக்கு அது லாபம். வீட்டுக்கு அது சனி. நாளைக்குத் திரியப்போகும் பாலை இன்றைக்கே கண்டுபிடித்துக் கொட்டச் சொல்வாள். லிஃப்ட் மெக்கானிக்கான அண்ணன் வேலை முடிந்து வாசலில் காலை வைத்தால், அவன் எந்தக் கடையில் என்ன தின்றான் என்று உள்ளேயிருந்து குரல் வரும். கல்யாணமாகி வந்த முதல் வருஷம் முழுக்க நத்தைக்காரி இந்த மூக்கை நினைத்துப் பல்லைக் கடித்திருக்கிறாள். இன்று அந்த மூக்கைத் தேடித்தான் மாடிப்படி ஏறினாள்.

மோப்பி துணி மடித்துக்கொண்டிருந்தாள். நத்தைக்காரி கதவருகில் நின்றபடி விஷயத்தைச் சொல்ல ஆரம்பித்து, சுற்றி வளைத்து, காய்ச்சல் வரை வந்து நின்றாள். மோப்பி தலையை நிமிர்த்தவே இல்லை.

"தெரியும் அண்ணி. பால் அடிப்பிடிச்சு வீடே கருகிச்சு, நீங்க அடுப்புக்குப் பக்கத்துல நின்னு பேப்பர் படிச்சுக்கிட்டு இருந்தீங்க. அன்னைக்கே தெரியும்."

"தெரிஞ்சு ஏண்டி கேக்கல?"

"நீங்க சொல்லலையே." ஒரு சட்டையின் கையை உள்ளே மடித்தாள். "ஊருல எல்லார் விஷயத்துலயும் மூக்கை நுழைக்கிறேன்னு பேரு. சரி, ஒரு விஷயத்துலயாவது சும்மா இருப்போம்னு இருந்தேன்."

நத்தைக்காரிக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் நிறைந்தது. இரண்டையும் முந்தானையில் துடைத்துக்கொண்டு, தன் திட்டத்தைச் சொன்னாள். காலையில் டாக்டர் வருவதற்கு முன்னால், காவலாளி தேநீர் குடிக்கப் போகும் நேரத்தில் மோப்பியை உள்ளே அழைத்துப் போவது. ஒரு தடவை மோந்து பார்த்துவிட்டு அவள் போய்விடலாம்.

மோப்பி மாட்டேன் என்றாள்.

"திருட்டுத்தனமா வந்து மோந்துட்டுப் போக நான் என்ன பூனையா? நாளைக்கு நான் தப்பாச் சொல்லிட்டேன்னா அந்தப் பழி உங்க தலையில விழும். டாக்டர்கிட்ட நீங்களே சொல்லுங்க. சொல்லிட்டீங்கன்னா நான் வரேன், எத்தனை தடவை வேணாலும் வரேன்."

அந்தப் பேச்சுக்கு மேல் அவளை அசைக்க முடியவில்லை. அண்ணன் கீழேயிருந்து சாப்பாடு கேட்டுக் குரல் கொடுத்தான். இரண்டு பேரும் இறங்கிப் போனார்கள்.

காலையில் நத்தைக்காரி டாக்டரிடம் சொன்னாள். உட்காரவில்லை. காய்ச்சலில் ஆரம்பித்து, போன நத்தை வரைக்கும் ஒரே மூச்சில் சொன்னாள். அவர் ஏற்கெனவே கழுவி வைத்திருந்த ஒரு கிண்ணத்தை எடுத்து மறுபடி கழுவினார். குழாயை மூடினார்.

"அப்ப அது சீக்கிரம் கெட்டுப்போகல."

"இல்ல டாக்டர். அது மெதுவாத்தான் கெட்டுச்சு. நான்தான் பாக்கல."

அவர் கிண்ணத்தைத் துடைத்து வைத்தார். கோபம் இருந்தது, அது காது மடலில் தெரிந்தது. பிறகு, நாத்தனார் எங்கே என்று கேட்டார். கேட்டில் நிற்கிறாள், காவலாளி விடவில்லை என்றாள் அவள்.

மோப்பி அன்றைக்குச் சோப்புக்கூடப் போடாமல் வெறும் தண்ணீரில் குளித்துவிட்டு வந்திருந்தாள். அப்படியும் அவள் புடவையில் சலவைத் தூள் வாடை இருக்கும் என்று அவளே சொல்லி, டாக்டரின் வெள்ளைக் கோட்டைக் கேட்டு வாங்கிக் கழுத்துவரை பித்தான் போட்டுக்கொண்டாள். அறைக்குள் நுழைந்ததும் கண்ணை மூடி நின்றாள்.

"இங்க யாரோ வாழைப்பழம் தின்னிருக்காங்க."

டாக்டர் ஜன்னல் பக்கம் பார்த்தார். அந்த அறையில் எதையும் தின்னக்கூடாது என்று கதவில் எழுதி ஒட்டியிருந்தது அவருடைய கையெழுத்தில்தான்.

மாப்பிள்ளையின் பெட்டியைக் காட்டியதும் மோப்பி உடனே குனிந்துவிடவில்லை. கடையில் புதுத் துணி வந்தால் பழகிய துணியோடு வைத்துத்தான் பார்ப்பேன், உயிருள்ள நத்தை எப்படி, செத்த நத்தை எப்படி என்று முதலில் மூக்குக்குக் காட்டுங்கள் என்றாள். டாக்டருக்கு அது நியாயமாகப் பட்டது. மூன்று பேரும் பின்பக்கத் தோட்டத்துக்குப் போய், குழாயடியிலும் பூந்தொட்டிகளுக்கு அடியிலும் தேடினார்கள். சாதாரணத் தோட்டத்து நத்தைகள், ஆள் மதிக்காதவை. உள்ளே சுருண்டு கிடந்த இரண்டும், செத்துப்போன ஒன்றும் கிடைத்தன. செத்ததைக் கண்டுபிடித்தவர் டாக்டர். ஏதோ பரிசு விழுந்த மாதிரி கையைத் தூக்கிக் காட்டினார். நத்தைக்காரிக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

மோப்பி உயிருள்ளதை மோந்தாள். செத்ததை மோந்தாள், போதும், தூரப் போடுங்கள் என்று கையை ஆட்டினாள். தோட்டத்தில் போய் நின்று காற்று வாங்கிவிட்டு வந்தாள். பிறகு பெட்டியின் மூடியை நத்தைக்காரி விரல் அளவு தூக்கிப் பிடிக்க, மோப்பி கண்ணை மூடி, மூக்கை உள்ளே விட்டாள்.

அந்த நேரம் ஜெனரேட்டர்கூட நின்றுவிட்டது போல் இருந்தது. நத்தைக்காரி நாத்தனாரின் மூக்கு நுனியையே பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருஷம் அதை இவ்வளவு பக்கத்தில் பார்த்ததில்லை. சின்ன மூக்கு. அழகான மூக்கு என்றுகூடச் சொல்லலாம்.

"செத்த வாடை இல்ல," என்றாள் மோப்பி. "ஆனா அந்த உயிரோட இருக்கிறது மாதிரியும் இல்ல."

"அப்ப எப்படி இருக்கு?" டாக்டர் கேட்டார்.

"எங்க கடைக்குச் செத்துப்போனவங்க துணியும் வரும், ஊருக்குப் போனவங்க துணியும் வரும். ரெண்டும் பீரோவுல ரொம்ப நாள் கிடந்த துணிதான். ஆனா ரெண்டும் ஒண்ணு இல்ல. இது ஊருக்குப் போனவங்க துணி மாதிரி இருக்கு." கோட்டின் கையை இழுத்துவிட்டுக்கொண்டாள். "சத்தியம் பண்ணச் சொன்னா பண்ண மாட்டேன். எங்க அண்ணன் சிகரெட் பிடிச்சான்னு ஒரு தடவை சொல்லி, அண்ணி அவன்கிட்ட ஒரு வாரம் பேசல. கடைசியில அது லிஃப்ட்ல கூட வந்த ஆளோட சிகரெட்."

டாக்டர் அலமாரியைப் பார்த்தார், புட்டியைப் பார்த்தார், பிறகு நத்தைக்காரியைப் பார்த்தார். இந்த நத்தையோடு அதிக நேரம் இருந்தவர் நீங்கள்தான், நீங்களே சொல்லுங்கள் என்றார். அதில் தண்டனையும் இருந்தது, மரியாதையும் இருந்தது. எது எவ்வளவு என்று அவளால் பிரிக்க முடியவில்லை.

அவள் யோசித்தாள். ஸ்பிரிட்டில் போட்டால் சதை நிச்சயம். காத்திருந்தால் ஒன்றும் நிச்சயமில்லை. நாத்தனாரின் மூக்கு தப்பாக இருந்தால், நாளைக்கு இன்னொரு ஓடும் கொஞ்சம் தண்ணீரும். அந்தச் சரிவிலிருந்து வந்த கடைசிச் சதை இரண்டாவது தடவையும் அவள் கையால் போகும். ஆனால் முறுக்கிக்கொண்ட மாப்பிள்ளையைச் சமாதானம் செய்ய வழி தெரியவில்லை என்பதற்காக யாரும் அவரைப் புட்டியில் அடைப்பதில்லை.

"காத்திருக்கலாம் டாக்டர்," என்றாள். புட்டியை எடுத்து மேல்தட்டுக்கு ஏற்றி வைத்தாள்.

சரி என்றார் டாக்டர். தினமும் காலையில் கடைக்குப் போகும் வழியில் நாத்தனார் வந்து மோந்து பார்க்க வேண்டும் என்றார். போன நத்தைக்கு நடந்ததை மேலிடத்துக்கு நடந்தபடியே சொல்லியாக வேண்டும், பிறகு அவர்கள் என்ன சொல்கிறார்களோ அதுதான் என்றும் சொன்னார். நத்தைக்காரி சொல்லுங்கள் என்றாள். சொன்ன பிறகு தோள் கொஞ்சம் இறங்கியது.

இப்படியாக அந்த அறைக்கு இரண்டு பேர் சேர்ந்து ஒரு ஆள் ஆனார்கள். மோப்பி காலையில் வந்து, வெள்ளைக் கோட்டை மாட்டி, மூக்கை வைப்பாள். "இன்னும் ஊர்லேருந்து வரல" என்பாள். கடைக்குப் போவாள். நத்தைக்காரி சாப்பாட்டைக் குழைத்து, நேற்றுப் பூசியது தொடப்படாமல் காய்ந்திருப்பதைத் துடைத்துவிட்டு, புதிதாகப் பூசுவாள். வீட்டில் அவள் புருஷன் சாப்பிடும்போது, மாப்பிள்ளை எழுந்தாரா என்று கேட்பான். அவனுடைய கல்யாணத்தில் அவன் முறுக்கிக்கொள்ள யாரும் வாய்ப்பே கொடுக்கவில்லை என்ற குறையும் அந்தக் கேள்வியில் இருக்கும்.

ஒருநாள் டாக்டர் பேச்சுவாக்கில், இந்த நத்தையில் ஆண் தனி பெண் தனி கிடையாது, ஒவ்வொன்றும் இரண்டும்தான் என்றார். முன்பு சேர்ந்ததன் விதையை உள்ளேயே ரொம்ப நாள் வைத்திருக்கும். பிழைத்தால் ஒரு குட்டி போட்டாலும் போடும், போடாமலும் போகும்.

மோப்பி கோட்டைக் கழற்றிக்கொண்டே கேட்டாள். "அப்ப மாப்பிள்ளையும் இவரே, பொண்ணும் இவரே. மாமனார் வீடும் இதே டப்பாதான். யாருகிட்ட இந்த முறுக்கு?"

டாக்டர் சிரித்தது அந்த அறையில் அபூர்வமான சத்தம். அவள் போன பிறகும் கொஞ்ச நேரம் இருமல் மாதிரி வந்துகொண்டிருந்தது.

மேலிடத்திலிருந்து பதில் வந்தது. கண்டிப்பு உண்டு, சம்பள உயர்வு கிடையாது, இருக்கிற நத்தை இருக்கும்வரை அறையில் இருக்கலாம். அதாவது அவளுடைய வேலைக்கும் மாப்பிள்ளைக்கும் ஒரே ஆயுள் என்று முடிவாயிற்று. அவள் அதை வீட்டில் சொல்லவில்லை. இந்தத் தடவை மோப்பி கேட்டாள், அவளும் சொல்லிவிட்டாள்.

பிறகு ஒரு காலை. நத்தைக்காரி சுவரோரம் திரும்பி நின்று மாவைக் குழைத்துக்கொண்டிருந்தாள். பின்னால் மூடி தூக்கும் சின்னச் சத்தம் கேட்டது. அதோடு மோப்பி மூச்சை இழுத்துப் பிடித்ததும் கேட்டது.

"அண்ணி. நாறுது."

கையில் இருந்த பிரஷ் கிண்ணத்துக்குள் விழுந்தது. அவளுக்கு அழுகைகூட வரவில்லை. அலமாரிக்குப் போய், மேல்தட்டில் இருந்த புட்டியை எடுத்தாள். இதையாவது இந்தத் தடவை நேரத்துக்குச் செய்துவிட வேண்டும். டாக்டரைக் கூப்பிடச் சொன்னாள். மோப்பி கண்ணை இறுக மூடி, மூக்கை மூடிக்கொண்டு, அசையாமல் நின்றாள். அவளை விலக்கிவிட்டு நத்தைக்காரி பெட்டியை வெளிச்சத்துக்கு இழுத்தாள். தன் மூக்கு தனக்குச் சொல்லாததைக் கண்ணால்தானே பார்த்தாக வேண்டும். மூடியை முழுக்கத் திறந்தாள்.

மூடியின் உள்பக்கத்தில் காய்ந்த சவ்வு ஒரு வட்டமாக ஒட்டியிருந்தது. நடுவில் கிழிந்திருந்தது. மாப்பிள்ளை அங்கே இல்லை.

பெட்டியின் சுவரில் நேற்றுப் பூசிய சாப்பாட்டில் ஒரு பாதை போயிருந்தது. நாக்கால் வழித்து வழித்துப் போன பாதை, வளைந்து வளைந்து, தையல் தெரியாதவர் போட்ட தையல் போல. அதன் கோடியில், மூலையில், தேன் நிற ஓட்டுக்கு வெளியே இரண்டு கொம்புகள் நீட்டிக்கொண்டிருந்தன. கீழே வெள்ளைக் காகிதத்தின் மேல், பச்சையும் கறுப்புமாக ஒரு சின்னச் சுருள் கிடந்தது. பக்கத்தில் இன்னொன்று.

அவள் புட்டியை மேசையில் வைத்தாள். 

"அடியே, கண்ணைத் திற. கழிஞ்சிருக்காருடி."

மோப்பி ஒரு கண்ணைத் திறந்தாள். பிறகு இன்னொன்றை. குனிந்து பார்த்தாள்.

"இத்தனை நாள் பட்டினி கிடந்த வயிறு. பூ வாசமா வீசும்?"

வழக்கம்போல் வேலைக்கு வரும் டாக்டரின் செருப்புச் சத்தம் நடையில் கேட்டது. நத்தைக்காரி பெட்டிக்கு மேல் முகத்தை வைத்து, ஆழமாக மூச்சை இழுத்தாள். ஒன்றும் இல்லை. குளிர்ந்த காற்று மட்டும் உள்ளே போயிற்று. மறுபடி இழுத்தாள். பிறகு நாத்தனாரின் கையைப் பிடித்து அருகில் இழுத்தாள்.

"எப்படி நாறுது? விடாம முழுசாச் சொல்லு."

மோப்பி கோட்டின் பித்தானைப் போட்டுக்கொண்டு, கண்ணை மூடி, மறுபடி குனிந்தாள்.